சான்றாவணம் பதினான்கு

என் கட்சிக்காரர்களுக்குக் கை கிடையாது.
முப்பத்தொரு வருஷம் அவர்களுக்காக எழுந்து நின்றேன்,
வென்ற மாலைகளில்
குலுக்க ஒரு கை இருந்ததில்லை.
தொலைபேசிதான் வரும்,
சிகாகோவிலிருந்து ஏதோ ஒரு துணைத் தலைவர்:
"பிரமாதம், மிஸ் ஓஸ்ட்பி.
பில்லில் மட்டும் பத்து சதவீதம் குறைக்க முடியுமா?"

துலூத்தில் ஏரி உறைந்தால்
கப்பல்கள் நின்றுவிடும். வழக்குகள் நிற்காது.
தானியக் கிடங்குக்காக வாதாடினேன்,
கூரை விழுந்தது பனியாலா துருவாலா என்று பதினோரு நாள்.
வங்கிக்காக வாதாடினேன்,
கையெழுத்து தன்னுடையதுதான் என்று
அவன் அழுதுகொண்டே ஒத்துக்கொண்ட பிறகும்
நிபுணரைக் கூண்டில் ஏற்றினேன்.
அவருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

பொய்யர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.
தன் மரச்சாமான் கடையைத் தானே கொளுத்தியவன்
முந்தின நாள்
நாயை மட்டும் அக்கா வீட்டில் விட்டு வந்திருந்தான்.
நாயை வைத்துத்தான் பிடித்தேன்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

காப்பு ஒரு சொல், ஈடு ஒரு சொல்.
சேர்த்து எழுதினால் ஒன்றுபோலத் தெரியும்.
நடுவில் நூல் நுழையும் அளவுக்கு இடம் உண்டு,
அங்கேதான் நான் குடியிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்தேன்.
காகிதம் அரைக்கும் இயந்திரத்துக்குப் பெட்டிகளைக் கொண்டுபோக
ஒரு பையன் தள்ளுவண்டியோடு நின்றான்.
நிஸ்கனன் பெட்டி மேலாக இருந்தது.
உள்ளே, சான்றாவணம் பதினான்கு:
தீவனக் கடை இலவசமாகத் தந்த நாள்காட்டி,
பிப்ரவரிக்கு ஒரு டிராக்டர் படம்.

டோய்வோ நிஸ்கனன். மார்ச்சில் வீடு எரிந்தது.
தொடர்ந்து அறுபது நாள் ஆள் தங்காத வீடு என்றால்
பாலிசி செல்லாது. ஒன்பதாம் பக்கம், பொடி எழுத்து.
ஐலி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.
அவள் கட்டிலோரம் நாற்காலியில் கழித்த ஒவ்வோர் இரவுக்கும்
சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி,
அவர் கையாலேயே.
அதைவிட நல்ல சாட்சி எனக்கு வாய்த்ததில்லை.

கட்டங்கள் அறுபத்து மூன்று.
குறிகள் அறுபத்திரண்டு.
பிப்ரவரி எட்டாம் தேதிக் கட்டத்தில்
'பூனை' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஓர் இரவு, ஒரே ஓர் இரவு அவர் அங்கே தூங்கியிருந்தால்
கணக்கு முதலிலிருந்து தொடங்கும்,
என் வழக்கு கலைந்துபோகும்.
பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது.
கேட்டேன்.
"அன்றிரவு வீட்டில் தூங்கினீர்களா?"

அவருடைய வக்கீல் பாதி எழுந்தார், உட்கார்ந்தார்.
ஆமாம் என்று ஒரு சொல் போதும்.
பூனையைத் தவிர யாருக்குத் தெரியும்?

நிஸ்கனன் தொப்பியை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.
"இல்லை அம்மா. தீனி வைத்தேன்.
குழாய் உறைந்துவிட்டதா என்று பார்த்தேன்.
பிறகு விடியும்வரை
வாசலில் காரில் உட்கார்ந்திருந்தேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் ஜூரிக்கும் கேட்டிருக்கும்.
"வேறு கேள்வி இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

நாற்பது நிமிடம்,
அதில் அவர்கள் காப்பி குடித்த நேரமும் உண்டு.

வெளியே என் கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி.
கடன் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து வண்டியிலிருந்து இறங்கி வந்து
தன் சுரண்டியை நீட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதைத் திருப்பிக் கொடுத்தேனா என்பது
இன்றுவரை எனக்கு நினைவில்லை.

"இதுவும் போகலாமா, மேடம்?"
கொஞ்சம் பொறு என்றேன்.
டிராக்டருக்குக் கீழே விரலை வைத்து
மறுபடி எண்ணினேன், வாய்விட்டு,
பையன் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க.
அறுபத்திரண்டு குறிகள்.
ஒரு பூனை.